சாமித் தட்டில் ஒரு சக்கரம்

எனக்கு 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம். லைசன்ஸ் எடுத்துப் பல வருடமாகியும், ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் அப்பால் நான் ஓட்டிப் போனதில்லை. அதனால், பாண் சுடும் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பாண் பொதி செய்யும் வெள்ளைக்காரப் பெண், “நான் ஒஷாவாவிலிருந்து உன் வீட்டைத் தாண்டித்தான் வருகிறேன், உன்னையும் ஏற்றிக்கொள்கிறேன்” என்றபோது நான் மறுக்கவில்லை. என்னுடைய ஆங்கிலம் நாலைந்து வசனத்தோடு முடிந்துவிடும். அவள் சொன்னவற்றை எனக்கு விளங்கிய தமிழிலேயே எழுதுகிறேன்.

அவளுக்கும் என் வயதுதான், ஐம்பதைத் தாண்டியிருக்கும். நரைத்த தலைமயிரை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருப்பாள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தன் தோட்டத்துப் பழத்தில் காய்ச்சிய ஜாம் எனக்குக் கொண்டுவந்து தருவாள்.

ஒருநாள் என் நெற்றியைப் பார்த்து, “அந்தச் சாம்பல் எதற்கு?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சாமி என்றேன், செத்துப்போன அப்பாவைப் பற்றிச் சொன்னேன், திவசம் பற்றிச் சொன்னேன். தொழிற்சாலையில் பதின்மூன்று வருடமாக வேலை செய்கிறேன். அதையெல்லாம் என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். நான் பெரிதாகக் கதைக்காதவள். ஆனால் அவளுடைய காரில் எனக்குக் கதை வந்தது.

அவள் தேவாலயத்தைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டாளாம். அது வேறு மண்ணில் பிறந்த சாமி, எங்களுடையது அல்ல என்றாள். ஒவ்வொரு இனத்துக்கும் சொந்தத் தெய்வங்கள் உண்டு, அவை வானத்தில் இல்லை, இரத்தத்தில் இருக்கின்றன என்றாள். முன்னோருடைய நாட்களில் மெழுகுதிரி ஏற்றி, ஏழு தலைமுறைப் பெயர்களை உரத்து வாசிப்பாளாம். நான் ஆடி அமாவாசையை நினைத்துக்கொண்டேன். நல்ல மனுசி, பெரியவர்களை மறக்காதவள் என்று நினைத்தேன்.

மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இனத்துக்கு ஒரு ஆன்மா உண்டாம். இரத்தம் கலந்தால் அது அணைந்துவிடுமாம். அவளுடைய மதத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. மோட்சம் என்று தனியாக ஒன்றும் இல்லை, தன் சாயலில் பிள்ளைகளை விட்டுப்போவதுதான் மோட்சம். இப்போது நடப்பது இருண்ட காலத்தின் கடைசி. அது முடியும்போது தங்களுடைய சூரியன் திரும்ப எழும்பும். நான் எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, கலியுகம் என்று சொல்வோம் என்றேன். அவளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தது. “காலி யுகா” என்று சொல்லி ஸ்ரியரிங்கில் தட்டிச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

“நான் யாரையும் வெறுக்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் மண்ணில் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்” என்பாள். ஒருநாள் என் கையைப் பிடித்து, “நீயும் ஒருநாள் திரும்பிப் போகவேண்டும். உன் தெய்வங்கள் உன்னைத் தேடும்” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“அவள் உம்மை நாட்டைவிட்டுப் போ எண்டுறாள். நீர் அழுதுகொண்டு வாறீர்” என்றார் அவர்.

“உங்களுக்கு ஆர் நல்லாக் கதைச்சாலும் பிடிக்காது.”

“நல்லாத்தான் கதைக்கிறாள். பெட்டியும் கட்டித் தருவாளோ எண்டு கேளும்.”

இன்னொன்றும் நடந்தது. எங்களோடு வேலை செய்யும் போலந்துக்காரி லஞ்ச் ரூமில் பேரக்குழந்தையின் படத்தைக் காட்டினாள். மருமகன் ஜமேக்காக்காரன். குழந்தைக்குச் சுருள் தலை, கன்னத்தில் குழி. எல்லோரும் ஆசையாகப் பார்த்தோம். திரும்பி வரும்போது காரில் இவள் சொன்னாள்: “பாவம் அந்தக் குழந்தை. எந்த முன்னோர் அதைக் கூப்பிடுவார்கள்?” நான் பாவம் என்று தலையாட்டினேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் மகள் தனக்கு ஒரு பெடியனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். வீடு மில்லிக்கனில். தமிழ்ப் பிள்ளை, சைவம், தாய் தகப்பன் யாழ்ப்பாணம். கேட்டவர்கள் எல்லாம் பிறகென்ன என்றார்கள். எங்களுக்கு அது போதாது. கடையில் கறிவேப்பிலை எங்கே என்று கேட்கக் கூச்சப்படும் நான், இதில் மட்டும் கூச்சப்படவில்லை. பெடியனின் தகப்பன் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய மகன் என்று விசாரிக்கத் தொடங்கினேன். பாரிஸில் இருக்கும் என் அண்ணைக்கு அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு சிநேகிதர் இருந்தார்.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. “சண்டே வாறம் எண்டு அவையளுக்குச் சொல்லிட்டன்” என்றாள். “நீங்கள் வராட்டி நாங்கள் ரெண்டுபேரும் சிற்றி ஹோல்ல ரெஜிஸ்டர் பண்ணிடுவம். நீங்கள் இல்லாமல்தான். ஐ மீன் இற், அம்மா.” அவள் சொன்னால் செய்வாள். சின்ன வயதிலும் அப்படித்தான்.

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து காரில் வரும்போது அண்ணை கோல் எடுத்தார்.

“தங்கச்சி, விசாரிச்சாச்சு. வேண்டாம்.”

“ஏனண்ணை?”

“தாய் பகுதி பரவாயில்லை. தேப்பன் பகுதி எங்கட ஆக்கள் இல்லை. பெடியன்ர அப்பப்பான்ர காலத்தில எங்கட கோயிலுக்குள்ள விடாத ஆக்கள்.”

“பெடியன் நல்லவன் எண்டு எல்லாரும் சொல்லுகினம்.”

“நல்லவனாய் இருக்கட்டும். அதுக்கென்ன? நாளைக்கு ஊரில ஒருத்தன் கேட்டால் என்ன சொல்லுவாய்?”

நான் ஓமண்ணை என்று வைத்துவிட்டேன். என் முகம் வாடியதைப் பார்த்து, கார் ஓட்டிக்கொண்டிருந்தவள் என்ன என்று கேட்டாள். மகள், பெடியன், குடும்பம் சரிபார்த்தோம், சரியில்லை என்று சொன்னேன்.

“எத்தனை தலைமுறைக்குப் பார்ப்பீர்கள்?”

தகப்பன், அப்பப்பா, அப்பப்பாவின் தகப்பன் என்று விரலை மடக்கிக் காட்டினேன்.

“எப்படி?”

“போன்” என்றேன். “பாரிஸ். லண்டன். ஊர்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்கள் ஈரமாக இருந்தன. “நாங்கள் தொலைத்ததை நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். நீயும் நானும் ஒரே நம்பிக்கைக்காரர்” என்றாள்.

அடுத்த நாள் துணியில் சுற்றி ஒன்றைத் தந்தாள். அவளுடைய கணவன் செதுக்கிய மரச் சக்கரம். கையகலம் இருக்கும். நடுவில் வட்டம், அதிலிருந்து முறிந்து வளைந்து போகும் பன்னிரண்டு கதிர்கள். இது சூரியன், உன் மகளுக்குச் சரியான பெடியன் கிடைக்கட்டும் என்றாள். சாமிப் பொருளை ஒருவர் மனமார்ந்து தந்தால் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. சாமி அறைத் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். சந்தனப் பொட்டும் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் சாத்தினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் மகள் விளக்குக்குத் தீப்பெட்டி எடுக்கப் போனவள் சாமி அறைக்குள் அப்படியே நின்றாள்.

“அம்மா, உது எங்கால வந்தது?”

சொன்னேன். அவள் போனில் தேடி அதே சக்கரத்தின் படத்தைக் காட்டினாள்.

“ஜெர்மன் நாசியள் வைச்சிருந்த சின்னம் அம்மா. தங்கட இனம்தான் சாமி எண்டு நினைக்கிற ஆக்கள். எங்களை மாதிரி ஆக்களைச் சுடப் போறவங்கள் இதைத்தான் போட்டுக்கொண்டு போறாங்கள். நீங்கள் சந்தனம் வைச்சிருக்கிறியள்.”

சக்கரத்தை எடுக்கக் கை நீட்டினேன். மகள் குறுக்கே நின்றாள்.

“ஏன் எடுக்கிறியள்? இருக்கட்டும். பாரிஸ் மாமா கோல் எடுத்தவர்தானே, ரிசல்ற் என்ன? பாஸா, ஃபெயிலா?”

“அதுவும் இதுவும் ஒண்டோ பிள்ளை?”

“நீங்களே சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

நான் சாமி அறையின் வாசலில் இருந்தேன். எழும்பினேன், குசினிக்குப் போனேன், திரும்பவும் வந்தேன். அதுவும் இதுவும் ஒன்றல்ல என்று சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். நாங்கள் ஒருவரையும் சுடப் போகவில்லை. ஆனால் கோயில் வாசலில் மறித்தோம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. அதற்கும் பேர் பக்திதான். அவளுடைய மதத்தை நான் அவ்வளவு சுலபமாக விளங்கிக்கொண்டதை நினைக்க வெட்கமாக இருந்தது. அகராதி பார்க்காமலே விளங்கியது. மகளைத் தலைமுழுகி அந்தச் சாமிக்குப் படைக்கத்தான் நான் இருந்தேன்.

அண்ணைக்குப் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்றேன். அவர் கத்தினார். நான் போனைக் கீழே வைத்தேன். கணவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “என்ர சாம்பல் கலர் சேர்ட்டை அயர்ன் பண்ணவேணும்” என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காரில் சக்கரத்தைத் துணியோடு திருப்பிக் கொடுத்தேன். இரவெல்லாம் பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் வரவில்லை. “மகள், அந்தப் பெடியன், ஓக்கே” என்றேன். “இது, நோ.”

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. “சொல்லிச் சொல்லியே உன்னைக் களைக்கப் பண்ணிவிட்டார்கள்” என்றாள். தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஜாம் தரும்போது பார்க்கும் அதே பார்வையோடு சொன்னாள்: “பாவம் உன் பேரப்பிள்ளைகள். எந்த முன்னோர் அவர்களைக் கூப்பிடுவார்கள்?”

நான் தலையாட்டவில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறேன். பாண் பொதி செய்யும்போது இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறாள். குட் மோர்னிங் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனுக்குப் போனோம். பெடியனின் தகப்பன் எங்கள் செருப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். தாய் தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்தார். கதையோடு கதையாக, “இவரின்ர அப்பாவின்ர ஊர்” என்று ஊரின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். தட்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். அடுத்து வரப்போகும் கேள்வி அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்.

அந்தக் கேள்வி என் நாக்கில் வந்து நின்றது. அதில எந்தப் பக்கம். எல்லாம் தெரிந்தபிறகும் தானாக வந்து நின்றது. மகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தேன். “நீங்களே சுட்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“ஓம். கொஞ்சம் கருகிப்போச்சு” என்று சொல்லித் தட்டைக் கீழே வைத்தார் அவர்.