நான் செஞ்சதுதான், சாப்பிடு

மாலையில் குரோம்பேட்டை மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எட்வின் சார் போய்விட்டார், மாரடைப்பாம். அழுகை வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது பயம். நாளைக் காலை டேனியல் மாத்திரை சாப்பிடுவானா?

டேனியல் என் தம்பி. யாரும் பேசாதபோதும் அவன் காதில் குரல்கள் கேட்கும். அதற்கான மருந்தின் மூலக்கூறைக் கண்டுபிடித்தவர் சார் என்பது அவர் அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். காப்புரிமையில் இருப்பது அவர் பெயர். படப்பை ஆய்வுக்கூடத்தில் அதற்கு விண்ணப்பம் எழுதியவள் நான்.

'பாதுகாப்பான மருந்து' என்று எழுதியிருந்தேன். சார் அந்த வரியை அடித்துவிட்டார்.

"பாதுகாப்பானதுன்னு யாரு சொன்னா? இதுவரைக்கும் பார்த்ததுல இவ்ளோதான் தெரியும்னு எழுதுங்கம்மா."

"பேட்டன்ட் ஆபீஸ்ல சிரிப்பாங்க சார்."

"சிரிக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு இல்ல?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பயந்த மனுஷன் எதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும்!

சில வருடம் கழித்து டாக்டர் அதே மாத்திரையை டேனியலுக்கு எழுதினார். அவன் துப்பினான். "விஷம்க்கா. யாரு செஞ்சதுன்னே தெரியாம எப்படிச் சாப்பிடறது?" நான் சாரிடம் அழுதேன். மறுநாளே அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் தாம்பரத்துக்கு எங்கள் வீடு தேடி வந்தார். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் செஞ்சதுதான். சாப்பிடு."

"உங்களுக்குப் பயமா இல்லையா சார்?"

"இருக்குப்பா. ஆனா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

டேனியல் விழுங்கினான். அன்றிலிருந்து தினமும் காலையில் சார் போனில் அதையே சொல்வார். அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் மட்டும் போன் வரவில்லை. மாத்திரை நின்றது. தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்த தம்பியை யாரோ இழுத்து வந்து சேர்த்தார்கள்.

மறுநாள், அடக்கத்தன்று காலை, இட்லி வைத்தேன். டேனியல் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார் போயிட்டாரு. இனிமே யாரு சொல்லுவா? நீயா செஞ்சே?"

ஆமாம் என்று பொய் சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"நான் செய்யலடா. அதைப் பத்தி எழுதினது நான். எனக்கும் பயமாதான் இருக்கு. ஆனா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். பிறகு, "தண்ணி குடு, அக்கா" என்றான்.

சார் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயத்தைத்தான். நாளைக் காலையும் அதை மறைக்காமல் அவனிடம் சொல்ல வேண்டும்.