ஆயுத பூஜையில் வைத்த வீடியோ கேம்

சித்தப்பா எனக்கு வீடியோ கேம் வாங்கி வந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். அதைவிட மோசமான நாளை அவர் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

உள்ளங்கைக்கு அடங்குகிற மஞ்சள் பெட்டி. இரண்டு பென்சில் செல் போட்டால் கீச்சுக்குரலில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு உயிர் பெறும். அட்டையில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று ஆடினாலும் இருபத்தேழு வருஷம் ஆகுமே, நடுவில் கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரத்துக்கு எங்கே போவது என்று ஐந்தாம் வகுப்பிலேயே கவலைப்பட்டவன் நான். உள்ளே இருந்தவை ஏழெட்டு ஆட்டங்கள்தான். மற்றதெல்லாம் அவையே வேறு வேறு வேகத்தில் என்பது விளங்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அவ்வளவு கூர்மை.

அன்று சாயங்காலம் முழுக்க, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி அடுக்கிக் கட்டைவிரலில் பள்ளமே விழுந்தது. மறுநாள் காலை எழுந்து பார்த்தால், மிக்சிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் என் வீடியோ கேம் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.

"செல்லு போட்டா ஓடுதில்ல? அப்ப அதுவும் மிஷினுதான். நாளைக்குப் பூஜை போட்டு எடுக்கற வரிக்கும் கை வெச்சே, பாத்துக்கோ" என்றார் அம்மா.

பாடப் புத்தகங்களைப் பூஜையில் வைத்தபோதெல்லாம் எனக்கிருந்த பக்தி அந்த நிமிஷமே போய்விட்டது. நான் போட்ட கூச்சலைப் பொறுக்காமல் நைனாதான் வழி சொன்னார். அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டும் வேலை. கம்பெனியில் கற்பூரம் காட்டியதும் ஒவ்வொரு மிஷினையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். அன்று மட்டும் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். "அங்க வெச்சிப் படைச்சா அப்பவே ஓட்லாம்டா" என்றார். கவரைப்பேட்டையில் ரயிலேறினோம்.

வாழைக்கன்று கட்டிய நைனாவின் மிஷின்மேல் என் பெட்டியை வைத்தோம். கற்பூரம் காட்டினார்கள். எல்லா மிஷினும் ஒரு முறை தடதடத்து ஓய்ந்தது. கடைசியாக என்னுடையதும் கீச்சென்று பாடியது.

அந்தச் சத்தத்துக்கு வந்து நின்றவர் சூப்பர்வைசர். நைனா தினமும் சோற்றோடு பிசைந்து திட்டும் ஆள். கையில் வாட்ச்சோடு பின்னால் நின்றுகொண்டு, "ஸ்பீடு பத்தல, ஸ்பீடு பத்தல" என்பாராம். நேரில் பார்த்தால் வெள்ளை வேட்டியில் நல்லவராகவே தெரிந்தார்.

"இது எந்த டிபார்ட்மென்ட் மிஷின்?" என்று கையில் எடுத்தார். சிரித்தாக வேண்டியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "தம்பி, நீ ஒரு ஆட்டம், நான் ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா இது என் பையனுக்கு. சரியா?"

நைனாவைப் பார்த்தேன். அவர் மிஷினில் வழிந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆட்றா" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

அவ்வளவுதான், பெட்டி போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் கை நடுங்கவில்லை. வீரம் ஒன்றுமில்லை, பயத்தில் கட்டைவிரல் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. நாலாயிரத்து இருநூறு எடுத்தேன்.

அடுத்து அவர். முதலில் கட்டைகள் மெதுவாகத்தான் விழுந்தன. கூட்டம் அவர் தோளுக்குப் பின்னால் நெருங்கி நின்றது. கட்டைகள் வேகம் பிடித்தன. "லெப்ட்டு சார்! ரைட்டு சார்!" என்று ஆளுக்கொரு பக்கம் வழி சொன்னார்கள். அவர் நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குவரை இறங்கிவிட்டது. அப்போது, எதற்கும் வாய் திறக்காத பக்கத்து மிஷின் மாமா அமைதியாகச் சொன்னார்:

"ஸ்பீடு பத்தல சார்."

ஷெட் கூரை அதிரச் சிரிப்பு. யாரது என்று அவர் தலையைத் திருப்பிய நேரத்தில் கட்டைகள் உச்சியைத் தொட்டுவிட்டன. அறுநூறு.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தார்கள். பாக்கெட் இரண்டிலும் பொரியைக் கொட்டினார்கள். தேர்தலில் ஜெயித்த வேட்பாளர்போல மிஷின்களுக்கெல்லாம் கையாட்டினேன்.

ரயிலில் நைனா தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அவராண்டயே ஸ்பீடு பத்தலன்னுட்டான்மே!" என்றார். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பெட்டியைப் பிடித்தபடி நடுவில் நின்றேன். "நைனா, நாலாயிரத்து எர்நூறு எட்த்தேன்ல, அத்தச் சொல்லு."

"ஆமாண்டா, ஆமாண்டா" என்றவர், மறுபடியும் "ஸ்பீடு பத்தல"யிலிருந்து ஆரம்பித்தார்.

நாலாயிரம் எடுத்தவனை விட்டுவிட்டு அறுநூறு எடுத்தவரைப் பற்றியே பேசுகிற குடும்பத்தில் வந்து பிறந்துவிட்டோமே என்று அன்று எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.