பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்ன டாக்டர்

டாக்டர் கோமதி காலமான செய்தி குருபரப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் எனக்கு வந்தது. எங்கள் மருத்துவமனையின் மருந்தாளுநர் போனில் சொன்னார். சொந்த ஊரான திருநெல்வேலியில், மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டு தரப்பும் ஒரே ஆட்கள்தான்.

சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களில் முதியோருக்காக அவர் நடத்திய மறதி நோய்ப் பரிசோதனை முகாம்களில் நான்தான் நர்ஸ். முதல் முகாமை ஊருக்குள் ஒரு பெரிய வீட்டு வாசலில் போட்டிருந்தார்கள். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. காரணத்தை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மேசையை அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு காலனிக்கு நடந்தார். மறுபக்கம் பிடித்த எனக்குத்தான் கை வலித்தது.

அங்கே முதலில் வந்தவர் லட்சுமம்மா. களை எடுத்தே காலம் கழித்தவர். டாக்டர் கையில் அச்சடித்த கேள்வித்தாள் இருந்தது. இன்றைக்கு என்ன தேதி? தெரியவில்லை. ஒரு வரி எழுதுங்கள். பள்ளிக்கூடமே போகாதவர் எதை எழுதுவார்? வீட்டுக்காரர் பெயர் என்ன? லட்சுமம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் மூன்றுக்கும் சுழி போட்டுவிட்டு, மறதி முற்றிவிட்டது என்று முகம் வாடி என்னைப் பார்த்தார். வெளியே நின்ற லட்சுமம்மாவின் கணவர், “அது எம்பேர சொல்லாதுங்க. கட்டிக்கினு வந்ததுலேர்ந்து சொன்னதில்ல” என்றார்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மாமியார் இருந்தவரை தானும் கணவர் பெயரைச் சொன்னதில்லையாம். கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சந்தை என்றைக்கு, ராகி எப்போது விதைப்பீர்கள், களிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். லட்சுமம்மா தெலுங்கும் தமிழும் கலந்து சொன்ன பதிலில் ஒரு பிழை இல்லை. போகும்போது, களிகூடக் கிண்டத் தெரியாத டாக்டரா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

சில வருடங்கள் கழித்து அந்தக் கணவர் மட்டும் தனியாக வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்து, நின்றபடியே சொன்னார். “அது தெருவுல நின்னு என்னெப் பேர் சொல்லிக் கூப்புடுது மேடம். ஊரே சிரிக்குது. வயசான திமிர்னு பையன் சொல்றான்.” பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டியாயிற்று. மகனுக்கும் மருமகளுக்கும் கம்பெனியில் ஷிப்ட், இவருக்குக் கெலவரப்பள்ளிப் பக்கம் தோட்ட வேலை. அதனால் லட்சுமம்மாவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

இந்த முறை டாக்டர் சிரிக்கவில்லை. “சொல்லாதப்போ நோய்னு நெனச்சேன், தப்பு. இப்பம் அந்தம்மா சொல்லுதாவ. இதுதான், சிஸ்டர், நோய்” என்றார்.

அன்றைக்கே தன் ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வெளியே பூட்டு தொங்கியது. உள்ளேயிருந்து லட்சுமம்மா, “மாதப்பா, மாதப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மருமகள் ஷிப்ட் முடிந்து வரும்வரை நாங்கள் வாசலிலேயே காத்திருந்தோம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லீவு போட்டால் வேலை போய்விடும், திறந்து விட்டால் அத்தை ஹைவேயில் போய் நிற்கிறார் என்று அவளும் அழுதாள். “பெரிய வீட்டுல மறைக்காவ, காலனியில பூட்டுதாவ. ரெண்டுக்கும் வெட்கமும் பயமும்தான் காரணம்” என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரத்தப் பரிசோதனை, கண்புரை அறுவை, மாத்திரை எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. நோய் போகவில்லை, போகாது என்பதையும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் பூட்டைத் திறந்தது மருந்தல்ல. அந்தத் தெருவில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். லட்சுமம்மாவை அவர்கள் நடுவில் உட்காரவைத்துக் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார் டாக்டர். கை தானாக வேலையைத் தொடங்கியது. பகலில் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். மாதப்பனும் தோட்ட வேலையை விட்டு, வீட்டருகே ஆடு மேய்க்கத் தொடங்கினார். அவருக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். “பேரச் சொல்லிக் கூப்பிட்டா கோவப்படாதீய. ‘என்னா’ன்னு கேளுங்க.”

மாதப்பனிடம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரில் என்னிடமும் கேட்டார், நான் என் கணவரைப் பெயர் சொல்வதுண்டா என்று. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். “மறதி வந்துதான் புருஷன் பேரச் சொல்லணுமா சிஸ்டர்? புத்தி நல்லா இருக்கும்போதே ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்க” என்றார். ஓய்வுபெற்று ஊருக்குப் போன பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் வாழ்த்து சொல்லிவிட்டு, “கூப்பிட்டாச்சா?” என்று கேட்பார். நான் மழுப்பிவிடுவேன்.

செய்தி வந்த அன்று நேராக அந்தக் காலனிக்குத்தான் போனேன். மாதப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லட்சுமம்மாவுக்கு டாக்டரை நினைவில்லை, என்னையும் தெரியவில்லை. புளிக் குவியலுக்குப் பின்னாலிருந்து “மாதப்பா” என்றார். “என்னா, இங்கதான் இருக்கறேன்” என்றார் அவர். தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, “முருகேசன்” என்று கூப்பிட்டேன். மனிதர் பதறி எழுந்து ஓடிவந்து, என் நெற்றியில் கைவைத்து, “இன்னைக்கி என்ன கெழமன்னு சொல்லு” என்றார்.

இத்தனை வருடம் நான் வீட்டில் சொன்ன முகாம் கதைகளையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கிழமையைச் சொன்னேன். சந்தை நாளையும் சொன்னேன். பிறகு, டாக்டரம்மா போய்விட்டார் என்று சொல்லி அழுதேன்.

கூப்பிட்டாச்சு, மேடம். இப்போது தினமும் கூப்பிடுகிறேன். அவரும் “என்னா” என்று கேட்கிறார்.