முட்டைக்கு விழுந்த தடை

என் மார்புக் கட்டியின் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, மதுரை டாக்டர் என் கணவரிடம் பொறுமையாகத்தான் விளக்கினார். செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கும். வெளியே இருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே சொல்லும். எனக்கு அவை அளவுக்கு மீறிப் பெருகி, சுவிட்ச் சிக்கிக்கொண்ட காலிங்பெல் மாதிரி ஓயாமல் அடிக்கின்றன. செல்லும் புரதத்தைச் செய்து தள்ளிப் பெருகிக்கொண்டே போகிறது. மணியை அடக்கும் ஊசியையும் கீமோவையும் சேர்த்தே ஏற்றுவார்களாம்.

என் கணவர் காதில் விழுந்தது புரதம் மட்டும்தான்.

காரைக்குடி திரும்பியதும் வீட்டில் முட்டை நின்றது. பிறகு கோழி, மீன், கடைசியில் பருப்பும். கிருமி வரும் என்று அறைக் கதவையும் சாத்திவிட்டார். தெருவே கோழி வறுவல் மணக்க, நான் உள்ளே கஞ்சி குடித்தேன்.

"அதுக்கு நம்மளே தீனி போடலாமா?" என்பார்.

"நான் திங்கிற முட்டையில ஒண்ணும் அது வளரல. யாரு சொன்னத நம்பிக்கிட்டு இருக்கீக?"

பள்ளத்தூர் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் நான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறுவது இந்த மனிதர் மண்டையில் ஏறவில்லை. எரிச்சலில் கத்துவேன், மூச்சு வாங்கும். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் எனக்குத் தராத எதையும் அவரும் தொடவில்லை. கோழி இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றே ஒப்புக்கொள்ளாத ஆள், என் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அப்படிப்பட்டவரிடமிருந்து எங்கே போவது?

அடுத்த முறை போனபோது எடையும் ரத்தமும் இறங்கியிருந்தன. டாக்டர் ஊசியை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். என் கணவரேதான் பதில் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே.

"சார், கட்டி தனக்கு வேணுங்கிறத இவங்க உடம்புல இருந்தே எடுத்துக்கும். நீங்க பட்டினி போட்டது இவங்களத்தான்."

திரும்பும் வழியில் திருப்பத்தூரில் பஸ் நின்றதும் என் கணவர் இறங்கிப் போய், அவித்த முட்டைகளைக் காகிதத்தில் கட்டி வந்தார். ஒன்றை அவரே உரித்து நீட்டினார்.

"தின்னு."

தின்றேன். இன்னொன்றை நீட்டினார்.

"போதுங்க."

"தின்னு புள்ள. ஊசிய நான்தான நிப்பாட்டிப்புட்டேன்?"

இல்லை என்று சொன்னால் அது பொய். அடுத்த ஊசி வரைக்கும் உள்ளே அந்த மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும். கையை நீட்டி முட்டையை வாங்கிக்கொண்டேன்.