வரைபடத்தில் மட்டும் ஓடிய ஆறு

1991-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில் பிளான் வரைபவனாக இருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில். தேதி குறித்து வைப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். நாட்குறிப்பு தவறாமல் எழுதுவேன். நாளிதழில் கண்ணில் படும் துண்டுச் செய்திகளையும் வெட்டி, மூலையில் தேதி போட்டு, நோட்டுப் புத்தகங்களில் ஒட்டி வைப்பேன். அலமாரியில் சட்டை வைக்க இடமில்லை என்று மனைவி சண்டை போடுவாள். அப்படி ஒட்டி வைத்த இரண்டு அங்குலச் செய்தி ஒன்றிலிருந்துதான் இது தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை எழுத உட்கார்ந்தால் கோபத்தில் எழுத்து கோணிப் போகிறது.

டெங்கில் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் எல்லையை ஒட்டி ஒரு கம்பெனி பெரிய பள்ளம் தோண்டி மணல் எடுத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் ஊறும் நீரைப் பம்பு வைத்து ஓயாமல் இறைத்து வெளியே விட்டார்கள். சில மாதங்களில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளின் மூன்று கிணறுகளும் வற்றிவிட்டன. நாற்பது குடும்பங்கள். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் லோரி வரும். வராத வாரத்தில் பழைய குட்டை நீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தார்கள்.

பம்புதான் காரணம் என்றார்கள் தோட்டத்து மக்கள். மழை குறைந்ததுதான் காரணம் என்றது கம்பெனி. எது சரி என்று ஆராய்ந்து சொல்லும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. வேலையைக் கொடுத்தது அந்தக் கம்பெனிதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நிலத்தடி நீரின் போக்கைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை அந்த ஆண்டுதான் அலுவலகத்தில் வாங்கியிருந்தார்கள். நிலப்பரப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் மண் எப்படி, மழை எவ்வளவு, ஆறு ஓடுகிறதா என்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் பம்பு வைத்தால் எந்தச் சதுரத்தில் நீர் எவ்வளவு இறங்கும் என்று அது கணக்கிடும். காலையில் ஓட விட்டால் மாலையில்தான் விடை வரும். அருமையான கருவி. அதன் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஆறு ஓடும் சதுரங்களை நீலத்தில் குறிப்பது என் வேலை. நீலம் போட்டுவிட்டால் அங்கே எப்போதும் நீர் இருக்கிறது, சுற்றியுள்ள மண்ணுக்கு அது ஊறிக்கொண்டே இருக்கிறது என்று புரோகிராம் எடுத்துக்கொள்ளும். சர்வே வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன். மணல் பள்ளத்துக்கும் லயன் வீடுகளுக்கும் நடுவில் ஓர் ஆறு வளைந்து ஓடியது. பழக்கதோஷம், மூலையில் அச்சான ஆண்டைப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பழையது. அந்த ஆற்றின் பெயரை எங்கோ படித்த ஞாபகமும் வந்தது.

அன்று மாலை வீட்டில் நோட்டுகளைப் புரட்டினேன். 1974-இல் நான் வெட்டி ஒட்டிய செய்தி கிடைத்தது. ஈயச் சுரங்கமான லம்பம் ஒன்றுக்காக அந்த ஆற்றை அரை மைல் தள்ளித் திருப்பிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நோட்டுடன் எஞ்சினியரிடம் போனேன். நம்மவர்தான், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், வெளிநாட்டில் படித்தவர். செய்தியைப் படித்தார். சிரித்தார்.

“அண்ணே, இது சர்வே மேப் லா. உங்க பேப்பர் கட்டிங்க நம்பி ஆத்த அழிக்கச் சொல்றீங்களா?”

ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். ரிப்போர்ட் கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, நீலம் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். என் மேசைக்குத் திரும்பினேன். நாட்குறிப்பை எடுத்து, தேதி, மணி, நான் சொன்னது, அவர் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்ததும் மனம் லேசானது. அதன் பிறகு நீலச் சதுரங்களைப் போட்டேன். மொத்தம் இருபத்தேழு.

விடை வந்தது. பம்பின் பாதிப்பு எதுவரை எட்டும் என்று காட்டும் கோட்டை நானே சிவப்பு மையில் வரைந்தேன். கோடு ஆற்றங்கரை வரை வந்து நின்றுவிட்டது. லயன் வீடுகள் அக்கரையில் பத்திரமாக இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துப் பள்ளி மண்டபத்தில் கூட்டம். கம்பெனி ஆள்கள் முன்னால் நாற்காலியில் இருந்தார்கள். மக்கள் பள்ளிப் பெஞ்சுகளில். எஞ்சினியர் பேச, நான் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஆறு இருப்பதால் பம்பின் பாதிப்பு அதைத் தாண்டி வராது, மழை பெய்தால் கிணறுகள் தாமாக ஊறும் என்று அவர் சொல்லி முடித்தார்.

முன் பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

“எந்த ஆறு தம்பி?”

எஞ்சினியர் குச்சியால் நீலத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அதுவா? அதுல எங்க மரவள்ளிதான நிக்குது. நீங்க இப்ப காடிய நிறுத்துனதும் அந்த ஆத்துக்குள்ளதான். நனஞ்சிருக்கும், போய்த் தொடச்சுக்குங்க.”

மண்டபமே சிரித்தது. எஞ்சினியரின் காது சிவந்துவிட்டது. இது அரசாங்க வரைபடம் என்றார். அடுத்து அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேண்டுமானால் வரைந்தவரையே கேளுங்கள் என்று குச்சியை என் பக்கம் திருப்பினார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, நீங்களா வரஞ்சது?”

“ஆமாம்மா.”

“வரையும்போது ஆறு இல்லன்னு தெரியுமா?”

முன் நாற்காலிகள் திரும்பின. எஞ்சினியர் என்னையே பார்த்தார். தெரியாது என்று சொல்லியிருந்தால் எல்லோரும் வரைபடத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். என் வேலைக்கும் ஆபத்து வந்திருக்காது. மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலம்.

“தெரியும்” என்றேன்.

உண்மையைச் சொன்னதற்கு ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்ததை மறைக்க மாட்டேன்.

“தெரிஞ்சுமா?” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் அப்படியே கலைந்து எங்களை வெளியே அழைத்துப் போனது. முந்நூறு அடி தூரம்கூட இல்லை. பழைய பாலம் ஒன்று நின்றது. பலகைகள் போய்விட்டன. இரும்புக் கம்பிகளில் யாரோ துவைத்த சாரத்தைக் காயப் போட்டிருந்தார்கள். கீழே லாலான் புல், மரவள்ளி, கட்டிப்போட்ட ஒரு மாடு. காலடி மண் வெடித்திருந்தது. எஞ்சினியர் பாலத்தின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

திரும்பும் வழியில், காரில், முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். ரத்தம் தலைக்கு ஏறியது. சொன்னேனே என்றேன்.

“சீரியஸா சொல்லலயே அண்ணே.”

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். தேதி, மணி, அவர் சிரித்தது உள்பட. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இவ்வளவு எழுதி வைக்கிற ஆளு, அன்னிக்கு என் மேசையத் தட்டிச் சண்ட போட்டிருக்கலாம்ல?”

அந்த மனிதரை அந்த நிமிடம் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. தன் தவற்றை என் தலையில் கட்டுகிறார் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அவர் கேட்டது நியாயம் என்பது இன்னொரு பக்கம்.

திங்கட்கிழமை இருபத்தேழு நீலச் சதுரங்களையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். எஞ்சினியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாலையில் விடை வந்தது. அதே புரோகிராம், அதே பம்பு. சிவப்புக் கோடு பழைய ஆற்றைத் தாண்டி, லயன் வீடுகளைத் தாண்டி, தோட்டத்துக் கோயில் வரை போயிருந்தது. நாங்கள் பொய்யான ஆற்றைக் கொடுத்தபோது அது பொய் சொன்னது. உண்மையான மண்ணைக் கொடுத்தபோது, அந்த மக்கள் பல மாதங்களாகச் சொன்னதையே திருப்பிச் சொன்னது.

ரிப்போர்ட் மாறும் என்று நினைத்தேன். அச்சான ரிப்போர்ட்டை மாற்றினால் அலுவலகத்தின் பேர் கெடும் என்றார் முதலாளி. புதிய கணக்கைக் கடைசியில் ஒரு பக்கமாகச் சேர்த்தார்கள், தலைப்புக்கூட இல்லாமல். நான் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தோட்டத்துத் தொழிற்சங்கத்தாரிடம் கொடுத்தேன். அது கம்பெனியின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். அக்டோபரில் லயன் வீடுகளுக்குக் குழாய் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். குழாயடியில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள்: கம்பெனியின் அன்பளிப்பு. கிணற்றை வற்ற வைத்தவன் வாளி நீரைத் தானமாகக் கொடுக்கிறான்! வற்றிய கிணறுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கேயே அந்தத் துணியைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அன்றும் நாட்குறிப்பில் எழுதிவிட்டு வந்தேன்.

அந்த எஞ்சினியர் மேல் எனக்குக் கோபம் ஓரளவு ஆறிவிட்டது. பதாகை கட்டியவர்கள் மேல் ஆறவில்லை. என் மேல் சற்றும் ஆறவில்லை. வரைபடத்தின் மூலையில் ஆண்டைப் பார்க்கத் தெரிந்தவன், நோட்டில் ஆதாரம் வைத்திருந்தவன், எழுதி வைத்ததோடு கடமை முடிந்தது என்று நிம்மதியாக நீலம் பூசினேன். இப்போதும் நாள் தவறாமல் எழுதுகிறேன். ஆனால் எழுதி முடித்து மனம் லேசாகும்போதெல்லாம் அந்த அம்மாளின் “தெரிஞ்சுமா?” காதில் விழுகிறது; பேனாவை மூடிவிட்டு, எழுதியதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரைத் தேடி எழுந்து போகிறேன்.