பங்குச் சந்தைக்காக எடுத்த இசிஜி

எங்கள் கிளினிக்கில் இசிஜி எடுப்பவளை எல்லோரும் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் அங்கே நர்ஸ். பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது. அக்காவோ பதினெட்டு வருடமாக ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், படுத்திருப்பவர் நெஞ்சில் வயர்களை ஒட்டிவிட்டு, கோடு ஓடி முடியும்வரை வாய் திறக்காமல் நிற்பவள். "எப்படிம்மா இருக்கு?" என்று நோயாளி கேட்டால், "டாக்டர் சொல்வாரு" என்பாள். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வாங்க முடியாது.

அவள் பங்குச் சந்தை வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று தெரிந்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஏங்க்கா, மனுஷங்க கோடு போதாதுன்னு இப்ப கம்பெனிங்களுக்கும் பாக்கப் போறீங்களா?"

"பாத்தா என்ன?" என்றாள். அவ்வளவுதான்.

இணையத்தில் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தாள். கூடப் படித்தவர்கள் முதல் வாரமே பணம் போட்டு, மூன்றாம் மாதம் காணாமல் போனார்கள். அக்கா இரண்டு வருடத்துக்குப் பைசா போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஓரம் தள்ளி, கட்டம் போட்ட நோட்டை விரிப்பாள். ஒரு நாள் விலைக்கு மெழுகுவர்த்தி வடிவில் ஒரு கோடு; அதை வர்த்தி என்பாள். விலை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எதுவரை ஏறியது, எதுவரை இறங்கியது, நான்கும் அந்த ஒரு வர்த்தியில் அடங்கிவிடும். பழைய வரைபடங்களை எடுத்து, வலதுபக்கத்தை ஒரு அட்டையால் மூடி, ஒவ்வொரு வர்த்தியாகத் திறந்து பார்ப்பாள். திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்: வாங்குவேனா, எந்த விலை வந்தால் என் கணிப்பு தப்பென்று ஒப்புக்கொண்டு வெளியே வருவேன். எழுதாமல் அட்டையை நகர்த்தி நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் 'வாங்கலாம்' என்று எழுதி, அவளே அடித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். நல்லா ஏறுகிற கோடுதானே, ஏன் அடித்தாள் என்று கேட்டேன். அந்தத் தாளை மேல்கீழாகக் கவிழ்த்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பின்பக்கம் வழியாகக் காட்டினாள்; ஏறிய கோடு இப்போது இறங்கியது.

"இப்ப சொல்லு. ஏறுமா, இறங்குமா?"

பார்த்தேன். "இப்பவும் ஏறும்போலதான்க்கா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நிமிர்த்திப் பாத்தாலும் ஏறும், கவுத்துப் பாத்தாலும் ஏறும்னா, நாம கோட்டப் பாக்கல. நம்ம ஆசையப் பாக்கறோம்."

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வலதுகை வயரை இடதுகையில் மாட்டிவிட்டாளாம். கோடு கவிழ்ந்து வந்து, கல்லு மாதிரி இருந்த ஒரு ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கோடு என்ன சொன்னாலும் முதலில் வயரைத்தான் பார்ப்பாளாம். அந்தப் பழக்கத்தைத்தான் அவள் இங்கேயும் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

இரண்டு வருட முடிவில் ஆறு நோட்டுகள் நிரம்பியிருந்தன. கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்தாறுதான் சரி.

"பாதிகூடத் தேறலயே அக்கா!"

"தப்பானா கொஞ்சமாப் போகுது. சரியானா நல்லா வருது. அது போதும்."

என் தப்பு ஒன்றை யாராவது சுட்டிக்காட்டினாலே நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இவளோ தன் தப்புகளைத் தேதி போட்டு, தன் கையாலேயே, நூற்றுக்கணக்கில் எழுதி வைத்திருந்தாள். இப்படியும் ஒரு மனுஷி இருக்க முடியுமா!

அக்காவின் வீட்டுக்காரர் சொந்த லாரி ஓட்டியவர். முதுகுவலி தாங்கவில்லை என்று சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன் லாரியை விற்றுவிட்டார். வந்த பணம் மொத்தத்தையும் அக்காவின் கணக்கில் போட்டு, "இனிமே உன் கோடுதான் நமக்குச் சோறு போடணும்" என்றாராம். அவளுடைய சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமே சரியாகிவிடும். லாரிப் பணம் போனால் நடுத்தெருதான்.

ஒரு மதியம், அவள் வாரக்கணக்கில் காத்திருந்த இடத்துக்கு ஒரு கம்பெனியின் விலை வந்து நின்றது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா போன் போட்டு வரச்சொன்ன வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நான் படுக்கறேன். வயர ஒட்டு."

"என்னாச்சுக்கா, நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. ஒட்டு."

ஒட்டினேன். காகிதம் ஓடியது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான்கு பெரிய கட்டங்கள். நிமிடத்துக்கு எழுபத்தைந்து. பிறகு தன் போனை என்னிடம் கொடுத்து, மொத்தப் பணத்துக்கும் வாங்கச் சொல்லி எண்களைப் போட வைத்தாள். அவள் கையை அசைத்தால் கோடு கிறுக்கும். அதனால் அழுத்த வேண்டியது என் விரல்.

"நான் சொன்னாத்தான் அழுத்தணும்."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காகிதத்தில்தான் துடிப்புகள் நெருங்கிக்கொண்டே வந்தன. இரண்டு கட்டமும் கொஞ்சமும். நூற்றுமுப்பது. மாடிப்படி ஏறி ஓடிவந்தவர்களுக்குத்தான் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். படுத்தபடியே அக்காவும் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்தாத," என்றாள். "ஒரே ஒரு பங்குன்னு மாத்து."

மாற்றினேன். கோடு மெல்ல அகன்று, ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்தது. "இப்ப அழுத்து."

தன் நெஞ்சு எவ்வளவு தாங்கும் என்று கேட்டுவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் சந்தைக்குள் போன இன்னொருத்தியை நான் பார்க்கப் போவதில்லை.

வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டாள். ஒன்றுதான் வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"முதுகுவலின்னு பொய் சொன்னேன்," என்றார். "ரெண்டு வருஷமா சோத்துத் தட்டுப் பக்கத்துல நோட்ட வச்சுக்கிட்டு நீ பட்ட பாட்டப் பாத்தேன். கையில காசில்லாமத்தான் நீ எறங்கலன்னு நெனச்சு வித்தேன். இப்ப வேணாங்கறியே."

அக்காவின் கண் நிறைந்தது. ஓடிய காகிதத்தை இரண்டாகக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது உங்க லாரிய மொத்தமாப் போட இருந்தப்ப. இது ஒண்ணே ஒண்ணு போட்டப்ப. தோத்தா தாங்கிக்கணும்ங்க, அதுதான் இந்தத் தொழிலு. நீங்க வண்டி ஓட்டிட்டு இருந்தாத்தான் என்னால பயமில்லாம தோக்க முடியும்."

அவர் அந்தக் காகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு லாரியை வாங்கியவருக்கு அங்கிருந்தே போன் போட்டார். பேசிக்கொண்டிருந்தவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வித்த வெலைக்குத் தரமாட்டானாம். கூடக் கேக்கறான்."

"குடுத்துடுங்க," என்றாள் அக்கா. எவ்வளவு என்று கேட்கவில்லை.