புழுவுக்கு மாட்டிய ஃபேன்

மார்கழிக் குளிரில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஃபேனை அஞ்சில் வைக்கிறீர்கள், பிள்ளைகளே, நீங்கள் ரெண்டு பேரும். குறைத்தால், "அந்தச் சத்தம் இல்லாட்டி தூக்கம் வராதுப்பா" என்கிறீர்கள். எனக்கோ ரெகுலேட்டர் அஞ்சில் நிற்பதைப் பார்த்தாலே எழுந்துபோய்க் குறைக்கத் தோன்றும். ஏன் என்று இதுவரை சொன்னதில்லை.

கடத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஃபேன்தான். அதுவும் எங்களுக்காக மாட்டியதல்ல, பட்டுப்புழுவுக்காக மாட்டியது. பெரிய அறை முழுக்க அடுக்கடுக்காய்ப் புழுத் தட்டுகள். நாங்கள் மூன்று பேரும் பின்னறையில், ஓலை விசிறியோடு. அப்பா அந்த ஃபேனுக்குக் காலத்துக்கொரு சட்டம் வைத்திருந்தார். வெயில் காலத்தில் ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒன்றில் ஓட்டுவார். மழைக்காலத்தில் அறை ஈரம் காய மூன்று. குளிர்காலத்தில் தொடவே கூடாது, கரியடுப்புதான். அஞ்சு எதற்கு இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சித்திரையில் மழையில்லாமல் கடலை காய்ந்துபோய், புழுவை மட்டும்தான் நம்பியிருந்தோம். ஒரு மத்தியானம் அப்பாவும் அம்மாவும் மல்பெரித் தழை அறுக்கப் போனார்கள். எட்டு வயதான நான் எறும்பு ஏறாமல் பார்க்கும் காவல்காரன். வியர்த்துக் கொட்டியது. பாவம், புழுவுக்கும் வியர்க்குமே என்று இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தோடு அஞ்சுக்குத் திருப்பிவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே தலையணை போட்டுப் படுத்துக்கொண்டேன்.

கண் விழித்தபோது தட்டில் தழை அப்பளமாய்க் காய்ந்திருந்தது. எந்நேரமும் கேட்கும் சரசரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அத்தனை புழுவும் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன. ஒன்றைத் தொட்டேன். நகரவில்லை. எல்லாவற்றையும் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து தெளிக்கப் போனேன். வாசலில் தழைக்கட்டு தொப்பென்று விழுந்தது.

"ஊத்தாதடா! ஈரம் பட்டா அத்தனையும் போயிரும்!"

அப்பா செம்பைப் பிடுங்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். "சாவலடா. தோல் உரிக்கப் போவுதுங்க. இப்பத் திங்காது." நடுவில் இருந்த நாலு தட்டை மட்டும் திரும்பப் பார்த்தார். "தழை காஞ்சதுல இதுங்கதான் வயிறு நெறயாமலே படுத்துருச்சுங்க." அப்புறம் மேலே ஃபேனைப் பார்த்தார். கீழே கிடந்த என் தலையணையைப் பார்த்தார். போய் ஒன்றுக்குத் திருப்பினார்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "ஏங்க, தழை ஏன் இப்படி மொறுமொறுன்னு கெடக்குது? யாரு ஃபேன கூட்டி வெச்சது?"



"நாந்தான். போற அவசரத்துல அஞ்சுக்குத் திருப்பிட்டேன்" என்றார் அப்பா.

"நீங்களா! ஒரு தடவ ரெண்டுல வெச்சதுக்கே என்னைய மூணு நாளு பேசுன ஆளாச்சே!"

மற்ற தட்டுகள் தப்பித்தன. அந்த நாலு தட்டுப் புழு மட்டும் மெலிந்த கூடாகக் கட்டியது. தை வரைக்கும் அம்மா, "அஞ்சாம் நம்பர்காரரே, சோறு திங்க வாங்க" என்றுதான் கூப்பிட்டாள். அப்பாவும் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவார்.

எனக்கோ வேறு பயம். செய்யாததைச் செய்தேன் என்கிறாரே, அப்பாவுக்கு மறதி வியாதி வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். தினமும் காலையில் எழுந்ததும் அவரிடம் போய், "அப்பா, என் பேரு என்ன?" என்று கேட்பேன். ஒரு நாளும் தப்பாமல் சொன்னார். அப்படியும் நம்பிக்கை வராமல் மறுநாளும் கேட்டேன்.